வீடே தேடிய வேலை

1983-இல் பி.காம். முடித்த என் பெரியண்ணன் ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட்டால், வீட்டில் நாலைந்து பேருக்கு அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. ஜெராக்ஸ் கடை அப்போது அந்தப் பக்கம் கிடையாது. சான்றிதழ்களை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கொடுத்து 'ட்ரூ காப்பி' அடித்து வாங்க வேண்டும். அடித்து வந்ததை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் பொறுப்பு. அண்ணன் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து வாசிப்பான். நான் நகலில் விரல் வைத்துக்கொண்டே வருவேன். பதிவெண்ணில் ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் மறுபடி இன்ஸ்டிட்யூட்டுக்கு ஓட வேண்டும்.

அடுத்தது அட்டெஸ்டேஷன். கெஜட்டட் ஆபீசர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு முத்திரை வைக்காத நகல் எங்கேயும் செல்லாது. எங்கள் வட்டாரத்தில் எளிதாகப் போய்ப் பார்க்க முடிந்த கெஜட்டட் ஆபீசர் கால்நடை மருத்துவர்தான். எங்கள் மாட்டுக்கு வைத்தியம் பார்த்த வகையில் அப்பாவை அவருக்குத் தெரியும். மாட்டாஸ்பத்திரி திறக்கிற நேரத்துக்கே அப்பா காகிதக் கட்டோடு போய் நிற்பார். கூட்டம் குறைந்து டாக்டர் கை கழுவிவிட்டு வரும்வரை காத்திருந்து, ஒவ்வொரு நகலாக எடுத்து நீட்டுவார். இதற்கிடையில் சின்னண்ணன் தபாலாபீசில் போஸ்டல் ஆர்டர் வாங்கி வந்திருப்பான். சுயவிலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய உறை ஒன்று உள்ளே வைக்க வேண்டும். அந்த விலாசத்தை எழுதுகிற உரிமை எனக்கு, என் கையெழுத்து நன்றாக இருந்ததால். அம்மா சோற்றுப் பருக்கையை நசுக்கி உறையை ஒட்டுவாள். கடைசியாகத் தபாலாபீசில் கொடுத்து, அனுப்பியதற்கு அத்தாட்சியாக யு.சி.பி. முத்திரை வாங்கி வந்து, அந்தச் சீட்டைப் பெட்டியில் போட்டு வைப்போம். 2011-இல் தபால்துறை அந்த யு.சி.பி. முறையையே நிறுத்திவிட்டது.

வேலை இருக்கிறது என்ற செய்தி வருவதற்கும் ஆள் தேவைப்பட்டது. புதன்கிழமை 'தி இந்து'வில் வேலைவாய்ப்பு விளம்பரங்கள் பக்கம் பக்கமாக வரும். எங்கள் வீட்டில் ஆங்கிலப் பத்திரிகை வாங்குகிற வசதி இல்லை. திருநெல்வேலியில் கூட்டுறவு வங்கி ஒன்றில் எழுத்தராக இருந்த சித்தப்பா, ஆபீசில் எல்லாரும் படித்து முடித்தபின் அந்தப் பக்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு, அண்ணனுக்குப் பொருந்தக்கூடியவற்றைத் தபால் கார்டில் பொடி எழுத்தில் எழுதி அனுப்புவார். மத்திய அரசின் 'எம்ப்ளாய்மென்ட் நியூஸ்' 1976-இல் தொடங்கிய வாரப் பத்திரிகை. அது கிளை நூலகத்துக்கு வந்ததும் நூலகர் சொல்லி அனுப்புவார். ஊரில் வேலை தேடிக்கொண்டிருந்தவர்கள் யார் யார் என்று அவருக்குத் தெரியும். தபால்காரருக்கும் தெரியும். இன்டர்வியூ கார்டு வந்தால் தெருமுனையிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு வருவார். அண்ணன் வேலை தேடுவது ஊரறிந்த சங்கதி. அதை மறைக்க வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றியதே இல்லை.

எம்ப்ளாய்மென்ட் அட்டையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பத்தாம் வகுப்பு முடித்த கையோடு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு பஸ் ஏறிப் போய்ப் பதிந்துவிட வேண்டும். அன்றிலிருந்து சீனியாரிட்டி ஓட ஆரம்பிக்கும். பட்டம் வாங்கினால் அதையும் போய்ச் சேர்க்க வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மாதம் தப்பினால் அத்தனை வருடச் சீனியாரிட்டியும் போயிற்று. பல வீடுகளில் இந்த மாதத்தை நினைவில் வைத்திருந்தவர்கள் அம்மாக்களும் அக்காக்களும்தான். காலண்டரில் அமாவாசை, கிருத்திகையோடு பையனின் ரினியூவல் மாதத்தையும் குறித்து வைத்த வீடுகளை எனக்குத் தெரியும்.

பிறகு மெட்ராஸ். எழுத்துத் தேர்வோ நேர்முகமோ அங்கேதான் நடக்கும். ராத்திரி ரயிலில் போனால் இறங்க ஒரு வீடு வேண்டும். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கக் கையில் காசு வேண்டும். மாமா வீட்டுக்கு அது வேண்டாம். மாம்பலத்தில் ஒன்றரை அறை வாடகை வீட்டில் மாமா, அத்தை, மூன்று பிள்ளைகள். அங்கே என் அண்ணன் மாதக்கணக்கில் தங்கினான். குழாயில் தண்ணீர் வராத ஊரில், கூடுதலாக ஒரு ஆளுக்குக் குடம் சுமந்தவள் அத்தை. இன்டர்வியூவுக்குப் போட்டுக்கொண்டு போன முழுக்கைச் சட்டை மாமாவுடையது. அண்ணன் பின்னாளில் வங்கியில் சேர்ந்து ஓய்வும் பெற்றுவிட்டான். அவனுடைய வேலையில் அத்தைக்கு எவ்வளவு பங்கு என்று எங்கள் குடும்பத்தில் வாய்விட்டுப் பேசியது மிகக் குறைவு. ஆண்கள் எழுதிய சிபாரிசுக் கடிதங்கள் நினைவில் நிற்கிற அளவுக்கு, அடுப்படியில் பெண்கள் தாங்கியது நிற்பதில்லை.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்குவது என் எண்ணம் இல்லை. குடும்பம் முழுவதும் சேர்ந்து தேடியது உண்மை. ஆனால் யாருக்காகத் தேடியது? எனக்கும் எம்ப்ளாய்மென்டில் பதிந்தார்கள், லோயர், ஹையர் இரண்டும் டைப்ரைட்டிங் பாஸ் பண்ணினேன். என் விண்ணப்பங்களுக்காக மாட்டாஸ்பத்திரி வாசலில் யாரும் காத்து நிற்கவில்லை. மெட்ராஸில் பரீட்சை என்றால், "அவ்வளவு தூரம் யாரு கூட்டிட்டுப் போறது" என்ற ஒரு வார்த்தையில் விண்ணப்பம் மடிந்துபோகும். மாமா வீடு எனக்கும் மாமா வீடுதான், இருந்தும் வயசுப்பெண் போய் மாதக்கணக்கில் தங்க முடியாது. வீட்டின் பலம் முழுவதும் ஆண்பிள்ளையின் பின்னால் நின்றது. ஆண்பிள்ளைக்கும் அது முழு நன்மை இல்லை. எந்த வேலை என்பதை அவன் தீர்மானிக்கவில்லை. 'சர்க்கார் உத்தியோகம், இல்லையென்றால் பேங்க்' என்று அப்பாக்கள் தீர்மானித்தார்கள்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. மெட்ராஸில் மாமா இல்லாத வீட்டுப் பையன் என்ன செய்தான்? ஆபீசில் வேலை பார்க்கிற சித்தப்பா இல்லாத குடும்பத்துக்கு விளம்பரத்தை யார் எழுதி அனுப்பினார்கள்? 'நம்ம ஆளு' என்று சொல்லி உள்ளே இழுத்துக்கொள்ள, ஏற்கெனவே உள்ளே ஒருவர் இருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக யாரும் உள்ளே விடப்படாத சாதிகளின் பிள்ளைகளுக்கு அந்தச் சொந்தபந்த வலை எட்டவே இல்லை. அதற்கு மாற்றாகத்தான் இடஒதுக்கீடும், வேலைவாய்ப்பு அலுவலகத்தின் சீனியாரிட்டி வரிசையும், போட்டித் தேர்வும் இருந்தன. சிபாரிசையும் லஞ்சத்தையும் 'குடும்ப ஆதரவு' என்ற பெயரில் நினைத்து ஏங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆகவே மாற்றங்கள் வந்தபோது பெரும்பாலும் நல்லதாகவே வந்தன. வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பும் பட்டியலோடு நிறுத்தாமல் விளம்பரமும் செய்து எல்லாரையும் விண்ணப்பிக்க விட வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன்பின் பதிவு அட்டையின் மவுசு மெல்லக் குறைந்தது. 2001-இல் தமிழக அரசு புதிய பணி நியமனங்களுக்குத் தடை போட்டது. 2006-இல் அது நீங்கும்வரை காத்திருந்த ஒரு தலைமுறைக்கு வயது ஏறியதுதான் மிச்சம். தரமணியில் 2000-இலேயே டைடல் பார்க் வந்துவிட, அதையடுத்த வருடங்களில் பழைய மாமல்லபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசையாகத் திறந்தன. கேம்பஸ் இன்டர்வியூ என்பது கிராமத்து வீடுகளிலும் புழங்கும் சொல்லாயிற்று. பொதுத்துறை வங்கிகளுக்கு 2011 முதல் ஐ.பி.பி.எஸ். பொதுத்தேர்வு. 2014 வாக்கில், நகல்களுக்குச் சுயசான்றொப்பமே போதும் என்று அரசு சொல்ல, பச்சை மை காலம் முடிந்தது. 2016 ஜனவரி முதல் மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத் தேர்வே கிடையாது. நம் குரூப் 4 தேர்விலும் நேர்முகம் இல்லை. மதிப்பெண், சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு, அவ்வளவுதான். எந்த மாமாவும் இல்லாத வீட்டுப் பெண் தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளராக உட்கார முடிந்தது இதனால்தான்.

நல்லது நடந்தபோது இன்னொன்றும் கூடவே நடந்துவிட்டது. விண்ணப்பத்தைச் சுற்றி வீட்டில் இருந்த அத்தனை பேரின் கைக்கும் வேலை இல்லாமல் போயிற்று. நகல் அடிக்க வேண்டாம், அட்டெஸ்டேஷன் வேண்டாம், உறை ஒட்ட வேண்டாம், தபால்காரருக்காகக் காத்திருக்க வேண்டாம். எல்லாமே ஒரு கைபேசிக்குள் போய்விட்டது. அந்தக் கைபேசியின் பூட்டு வேலை தேடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு நாற்பது கம்பெனிக்கு ரெஸ்யூமே அனுப்புகிறான் பிள்ளை. எதுவுமே செய்யாமல் படுத்துக்கிடந்தாலும் வெளியே இருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும். பதில்கூட வருவதில்லை. அன்று 'வருந்துகிறோம்' என்று ஒரு கடிதமாவது வந்தது, அதை எல்லாரும் படித்தோம், அம்மா ஒரு பெருமூச்சு விட்டாள், விஷயம் முடிந்தது. இன்று அனுப்பிய ரெஸ்யூமேயை ஒரு மென்பொருள் வடிகட்டித் தள்ளிவிட்டால், தள்ளப்பட்டது என்பதே தெரியாது.

வேலை தேடுவதில் செய்ய ஒன்றும் இல்லாமல் போன பெற்றோருக்கு மிஞ்சியது ஒரே ஒரு கேள்வி: "என்னப்பா ஆச்சு?" காலையில் காபியோடு ஒருமுறை, ராத்திரி சாப்பாட்டில் ஒருமுறை. கேட்பவர்களுக்கு அது அக்கறை. அன்றைக்குச் சொல்ல எதுவும் இல்லாத பிள்ளைக்கு அது குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல் கேட்கிறது. என் பெரியண்ணன் மகளைப் பார்த்துத்தான் சொல்கிறேன். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், அப்பா செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே அவளுக்கு முகம் இறுகிவிடும். அவனும் கெட்ட அப்பா இல்லை. தன் அப்பா தனக்காக மாட்டாஸ்பத்திரியில் நின்றதைப்போல் தானும் எங்கேயாவது போய் நிற்க வேண்டும் என்று தவித்தான். நிற்க இடம் இல்லை.

ஒருநாள் அவளே அவனுக்கு ஒரு வேலை கொடுத்தாள். தினசரியில் வருகிற அரசுத் திட்டச் செய்திகள், நியமனங்கள், விருதுகள் இவற்றை நோட்டில் குறித்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை தன்னிடம் கேள்வியாகக் கேட்கச் சொன்னாள். வங்கியில் முப்பது வருடம் லெட்ஜர் பார்த்த மனிதன். தேதிவாரியாக, சிவப்பு மையில் தலைப்பு போட்டு எழுதினான். வார நாட்களில் எதுவும் கேட்பதில்லை என்று அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. ஞாயிறு காலை ஒரு மணி நேரம் மட்டும் கேள்வி பதில். அது முடிந்தபின் அவளாக ஏதாவது சொன்னால் உண்டு. அந்த வீட்டின் காற்றே மாறிவிட்டதை நான் பார்த்தேன். என்ன படிக்கிறாள், பாடத்திட்டம் எவ்வளவு பெரியது, எங்கே தடுக்கிறது என்பதெல்லாம் அவனுக்கு அப்போதுதான் பிடிபட்டது.

போட்டியின் அளவு தெரியாமல் பிள்ளையைக் கோபிக்கிற பெற்றோர் இன்றும் நிறைய. 2022 ஜூலை 24 அன்று நடந்த குரூப் 4 தேர்வுக்கு ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அறிவிக்கும்போது இருந்த இடங்கள் 7,301. பிறகு கூட்டிக் கூட்டி அது பத்தாயிரத்தைத் தாண்டியது. முடிவு வந்தது 2023 மார்ச்சில். எட்டு மாதம்! கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமல், அடுத்த தேர்வுக்குப் படிப்பதா வேறு வேலைக்குப் போவதா என்று முடிவு செய்ய முடியாமல், லட்சக்கணக்கான வீடுகளில் எட்டு மாதம். ஒரு மதிப்பெண்ணில் ஆயிரக்கணக்கானவர்கள் அடுக்கி நிற்கிற தேர்வில் தோற்றவரைப் பார்த்து 'ஒழுங்காப் படிச்சிருந்தா' என்று சொல்வது அநியாயம்.

அதற்காகக் காலவரையின்றிப் படி என்று விட்டுவிடுவதும் ஆதரவு ஆகாது. இருபத்து மூன்றில் தொடங்கி முப்பத்து மூன்றிலும் அதே பயிற்சி மையத்தின் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் யாரும் கடினமாகப் பேசவில்லை, ஆனால் யாரும் மனம்விட்டும் பேசவில்லை. எத்தனை தேர்வுவரை, எந்த வயதுவரை, அதன்பின் என்ன என்பதைத் தோல்வி வந்தபின் கோபத்தில் பேசக்கூடாது. தொடங்கும்போதே, நல்ல மனநிலையில் உட்கார்ந்து பேச வேண்டும். கூடவே பகுதிநேரமாக ஏதாவது வேலை பார்க்கட்டும் என்றால் அதையும் அப்போதே பேசலாம். காசு விஷயமும் அப்படித்தான். டி.என்.பி.எஸ்.சி. ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், ஐந்து வருடத்துக்குச் செல்லும். அதன்பின் ஒவ்வொரு தேர்வுக்கும் கட்டணம், போக்குவரத்து, புத்தகம், இணையம். இருபத்தைந்து வயதுப் பிள்ளை ஒவ்வொரு தடவையும் வந்து கையேந்தி நிற்பது அவனுக்கு அவமானம். மாதம் இவ்வளவு என்று ஒன்றாம் தேதி கணக்கில் போட்டுவிட்டால், தொகை சிறியதாக இருந்தாலும் தலை நிமிர்ந்து இருப்பான். செலவில்லாமல் படிக்க வழி இருக்கிறது என்பதைத் தேடிச் சொல்வதும் வீட்டாரால் முடியும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று இலவச வகுப்புகள் நடக்கின்றன. பதிவு அட்டைக்கு மட்டும் அந்த அலுவலகத்தை நினைவு வைத்திருக்கிற பெற்றோருக்கு இது தெரிவதில்லை. அங்கே பதிந்து காத்திருப்போர் 2023-இலும் 60 லட்சத்துக்கு மேல்.

குரூப் 4 நடக்கிற அன்று காலையில் ஏதாவது ஒரு அரசுப் பள்ளி வாசலுக்குப் போய்ப் பாருங்கள். தேர்வு ஒன்பதரைக்குத்தான், ஆனால் ஒன்பது மணிக்கே கேட்டை மூடிவிடுவார்கள். எட்டு மணிக்கெல்லாம் தெருவில் இருசக்கர வண்டிகளாக நிற்கும். ஹால்டிக்கெட்டும் கறுப்பு மைப் பேனாவும் சரியாக இருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு, மனைவி உள்ளே போவாள். கணவன் கையில் ஆறு மாதக் குழந்தை. வேப்பமர நிழலில் நடந்து நடந்து தூங்க வைப்பான். பால்புட்டி, மாற்றுத்துணி, ஈரத்துணி எல்லாம் வண்டியின் முன்கொக்கியில் தொங்கும் பையில். பக்கத்தில் முண்டாசு கட்டிய அப்பா ஒருவர், மகளுக்காக வாங்கிய இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்திருப்பார். பன்னிரண்டரைக்கு மணி அடித்ததும், வெளியே வருகிற முகங்களை அத்தனை பேரும் ஆராய்வார்கள். "எப்படி எழுதின?" என்று கேட்பதற்கு முன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டுகிறவர்களும் உண்டு.

எண்பதுகளில் இந்தக் காட்சி கிடையாது. கைக்குழந்தைக்காரி பரீட்சை எழுதப் போவதும், குழந்தையை வைத்துக்கொண்டு கணவன் வாசலில் நிற்பதும் என் தலைமுறை கண்டதில்லை. அதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனாலும் அந்த ஒரு நாளோடு நின்றுவிடுகிற வீடுகள்தான் அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். திருமணமான பெண் வேலை தேடுகிறாள் என்றால் அவளுக்கு முதலில் தேவைப்படுவது நேரம். காலை ஆறு முதல் பத்துவரை அடுப்படி, மாலையில் பிள்ளைகளின் வீட்டுப்பாடம், நடுவில் மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது. இதற்கிடையே அவள் எப்போது படிப்பாள்? வீடியோவில் நேர்முகம் நடக்கும்போது குக்கர் விசில் அடித்தால் அது அவளுடைய குறையாகத்தான் எதிர்ப்பக்கத்தில் பதியும். அந்த அரை மணி நேரம் டி.வி.யை நிறுத்தி, குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டு, வாசலில் காலிங்பெல் அடிக்காமல் பார்த்துக்கொள்வது பெரிய தியாகம் ஒன்றுமில்லை. தினம் இரண்டு மணி நேரம் அவளை யாரும் கூப்பிடக்கூடாது என்று வீட்டில் ஒருவர் சொல்லி, சொன்னபடி நடந்தால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

விசேஷ வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலை இல்லாத பிள்ளைகள் கல்யாணங்களுக்கு வர மறுப்பது ஏன் என்று எல்லாருக்கும் தெரியும். "இப்ப என்ன பண்ணிட்டிருக்க?" என்று பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்பார். அம்மா முந்திக்கொண்டு "வொர்க் ஃப்ரம் ஹோம்" என்று பொய் சொல்வாள். பிள்ளையைக் காப்பாற்றுவதாக அவள் நினைக்கிறாள். ஆனால் அந்தப் பொய் அவனிடம் சொல்வது, 'உன் நிலை வெளியே சொல்லக்கூடாதது' என்பதைத்தான். நஷ்டம் அதோடு நிற்பதில்லை. மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பாஸ்டனுக்கு அருகே நியூட்டன் நகரில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: அந்த நபரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள்? அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6, அபூர்வமாக என்றவர்கள் 27.8. 1973-இல் வந்த அவருடைய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. காரணம் எளிமையானது. நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரிந்திருக்கும். புதிய செய்தி தூரத்துப் பழக்கத்திலிருந்து வருகிறது. எங்கள் ஊர் நூலகரும் தபால்காரரும் ஆபீசில் பழைய பேப்பரை எடுத்துக் கொடுத்த சித்தப்பாவின் சகாக்களும் அந்தத் தூரத்துப் பழக்கம்தான். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவரும் அதே வகை ஆள். அவரிடம் பொய் சொல்லிக் கதவை மூடிவிடுகிறோம்.

சிபாரிசு வேறு, செய்தி வேறு. 'என் பையனை எடுத்துக்கோங்க' என்பது சிபாரிசு. 'உங்கள் கம்பெனியில் இடம் இருப்பதாக எங்கே அறிவிப்பார்கள், அவன் தகுதிக்குப் பொருந்துமா' என்று கேட்பது செய்தி. இரண்டாவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெரியவர்களின் அனுபவம் இன்னும் ஓர் இடத்தில் கட்டாயம் வேண்டும்: ஏமாற்று வேலைகளைக் கண்டுபிடிப்பதில். அன்றும் துபாய்க்கு அனுப்புகிறேன் என்று நகையை அடகுவைக்கச் செய்து ஓடிப்போன ஏஜென்டுகள் உண்டு. இன்று வலை இன்னும் விரிந்தது. கம்ப்யூட்டர் வேலை என்று தாய்லாந்துக்கு அழைத்து, எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் அடைத்து, இணைய மோசடி செய்ய வைத்த கும்பல்களிடமிருந்து 2022-இல் தமிழ் இளைஞர்கள் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். படித்த பிள்ளைகள்தான் அவர்கள். மாதக்கணக்கில் பதில் வராமல் காத்திருந்தவனுக்கு ஒரே நாளில் வேலை தருகிறேன் என்று ஒருவன் சொல்லும்போது, சந்தேகப்படுகிற தெம்பே இருக்காது. பக்கத்தில் இருப்பவர் சந்தேகப்பட வேண்டும். வெளிநாடு என்றால் அந்த ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிந்தவரா என்று பார்க்கலாம். உள்ளூரில் டெபாசிட், யூனிஃபார்ம், பயிற்சி என்று எந்தப் பெயரில் முன்பணம் கேட்டாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும், அன்றைக்கே. ஏமாந்ததை வீட்டில் சொன்னால் திட்டுவார்கள் என்று பயந்து ஒரு வாரம் மறைத்தால் மீட்கிற வாய்ப்பு போய்விடும். அதனால்தான் திட்டாத வீடு வேண்டும் என்கிறேன்.

அன்று இல்லாத ஒரு வேலை தேடுகிறவர் இன்று பல வீடுகளில் இருக்கிறார்: நாற்பதைத் தாண்டி வேலை இழந்தவர். எங்கள் காலத்தில் உத்தியோகத்தில் சேர்ந்தால் ரிடையர்மென்ட்தான். இப்போது என் அத்தை மகனுக்கு நாற்பத்து நாலு வயதில், பழைய மாமல்லபுரம் சாலையில் இருந்த ஒரு கம்பெனி ஒரே மீட்டிங்கில் கணக்கை முடித்துவிட்டது. பதினெட்டு வருட அனுபவம், வீட்டுக்கடன், பிளஸ் ஒன் படிக்கிற மகள். அவனைத் தாங்கியது இரண்டு பெண்கள். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. முதல் வாரமே அவனை உட்கார வைத்து, எந்தச் செலவை நிறுத்த முடியாது, எதை நிறுத்தலாம் என்று ஒரே தாளில் எழுதினாள். கம்பெனி மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிந்துவிட்டதைக் கவனித்து, தனியாக ஒரு பாலிசி எடுத்தது அவள்தான். மகளிடம் அன்று ராத்திரியே சொல்லிவிட்டார்கள். பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்று மறைத்திருந்தால், அப்பா ஏன் இப்படி எரிந்து விழுகிறார் என்று அவள் வேறு ஏதாவது நினைத்துப் பயந்திருப்பாள்.

அவனுடைய அக்கா அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். மென்பொருளைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் கேட்டது ஒன்றுதான்: "உனக்கு என்ன வேலை தெரியும்னு நாலு பேர்கிட்ட நான் சொல்லணும். எனக்குப் புரியற தமிழ்ல ரெண்டு வரி எழுதிக் கொடு தம்பி." அவனுக்கு அதை எழுத இரண்டு நாள் ஆனது. தொழிற்சாலைகளில் சரக்கு, கொள்முதல், கணக்கு மூன்றையும் ஒரே மென்பொருளில் கொண்டுவந்து, அது ஓடும்படி பார்த்துக்கொள்வது தன் வேலை என்று எழுதினான். பதினெட்டு வருடம் செய்ததை அப்படி எளிமையாகச் சொன்னது தனக்கே தெளிவு தந்தது என்றான். அக்கா அதைத் தன்னோடு வேலை பார்த்தவர்கள், பயிற்சிக் கல்லூரித் தோழிகள், கோயில் பஜனைக் குழு என்று எல்லாருக்கும் அனுப்பினாள். வெட்கப்படவே இல்லை. மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் அவனிடம் என்ன ஆச்சு என்று அவள் கேட்டதில்லை. மாதம் ஒருமுறை அதே இரண்டு வரியை மறுபடி அனுப்புவாள், அவ்வளவுதான். பழைய தோழி ஒருத்தியின் மருமகன் கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் இருக்கிறான். அங்கே ஆள் தேடுவதாகச் செய்தி வந்தது. விண்ணப்பித்தது, மூன்று சுற்று நேர்முகம் போனது, தேறியது எல்லாம் அவனேதான். சம்பளம் முன்பு வாங்கியதில் முக்கால்வாசி. மகளின் பிளஸ் டூ முடியும்வரை குடும்பம் சென்னையில் இருக்க, ஞாயிறு இரவு பஸ்ஸில் அவன் மட்டும் போய் வருகிறான்.

அக்கா இப்போது வேறொரு பையனிடம் இரண்டு வரி எழுதி வாங்கியிருக்கிறாள். பஜனைக் குழுவில் ஒருவரின் பேரன். மெக்கானிக்கல் டிப்ளமோ, வெல்டிங் இன்ஸ்பெக்ஷன் தெரியும், இரண்டு வருட அனுபவம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் என்றால் உடனே வருவான். ஓசூர் என்றாலும் சம்மதம்.